தத்தெடுக்கும் முன் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்தெடுக்கப் பதிவு செய்தவர்களும், வளர்ப்புப் பராமரிப்பில் (ஃபாஸ்டர் கேர், அதாவது தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்ப்பது) ஒரு குழந்தையை ஏற்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்களுக்கு அடிப்படை: இளைஞர் நீதிச் சட்டம் 2015, அதன் 2021 திருத்தம், தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் 2022. வளர்ப்புப் பராமரிப்புக்கு 2024-இல் வந்த மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள். நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டை வைத்துச் சொல்லப்பட்டவை.

பெத்தவங்களை யாரும் செக் பண்றதில்லை. எங்களை மட்டும் ஏன் இப்படித் துருவுறாங்க?

தத்துக்கு வரும் குழந்தை அதுவரை அரசின் பொறுப்பில் இருக்கிறது. கைவிடப்பட்டோ, ஒப்படைக்கப்பட்டோ, பெற்றோரை இழந்தோ வந்த அந்தக் குழந்தையை, 'தத்துக்குச் சட்டப்படி தகுதி உடையது' என்று மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அறிவிக்கிறது. ஒரு தடவை வீட்டை இழந்த பிள்ளைக்கு இன்னொரு தடவை அப்படி நேரக் கூடாது. விசாரணை முழுக்க அதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சரிபார்ப்பு இல்லாத இடத்தில் குழந்தை விலைப்பொருள் ஆகிவிடும். 2019-இல் ராசிபுரத்தில் பச்சிளங்குழந்தைகளை விற்ற வழக்கு வெளியானது நினைவிருக்கும். அங்கே வாங்கும் வீடு எப்படிப்பட்டது என்று யாரும் பார்க்கவில்லை. காசு மட்டும்தான் பார்க்கப்பட்டது.

என்னென்ன பார்ப்பாங்க? போலீஸ் கேஸ் இருக்கா இல்லையான்னு மட்டும்தானா?

போலீஸ் ஒரு பகுதிதான். தத்தெடுப்பவர் உடல், மனம், உணர்வு, பொருளாதாரம் ஆகிய நான்கிலும் குழந்தை வளர்க்கக் கூடியவராக இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது. எந்தக் குற்றத்திலும் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. குழந்தை உரிமை மீறல் வழக்கு எதிலும் குற்றம் சாட்டப்பட்டிருக்கக் கூடாது என்கிறது 2022 ஒழுங்குமுறை. தம்பதி என்றால் குறைந்தது 2 ஆண்டு நிலையான மண வாழ்க்கையும் இருவரின் சம்மதமும் தேவை. உறவினர் தத்துக்கும், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை தத்துக்கும் இந்த 2 ஆண்டு நிபந்தனை இல்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே அறிக்கைக்குள் கொண்டுவருவதுதான் 'ஹோம் ஸ்டடி' எனப்படும் வீட்டாய்வு. குடும்ப வரலாறு, வேலை, வருமானம், உடல்நலம், வீட்டில் இருக்கும் மற்றவர்கள், எதற்காகத் தத்தெடுக்கிறீர்கள், குழந்தையிடம் தத்து விஷயத்தை எப்போது சொல்வீர்கள் என்பது வரை அதில் வரும்.

வீட்டுக்கு வர்றது யாரு? யூனிஃபார்ம்ல போலீஸ்காரர் வந்தா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?

வீட்டாய்வைச் செய்பவர் சமூகப் பணியாளர். தத்துக்கு வரும் குழந்தைகளைப் பராமரிக்கும் சிறப்புத் தத்து நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அனுப்பியவராகவோ இருப்பார். தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் காரா அமைப்பு நடத்தும் இணையதளத்தில் நீங்கள் பதிவு செய்து ஆவணங்களை ஏற்றிய பிறகு, 60 நாளுக்குள் இந்த ஆய்வு முடிய வேண்டும் என்பது விதி. அறிக்கையை உங்களிடமும் காட்ட வேண்டும். அது 3 ஆண்டு செல்லும். நாட்டின் எந்த மூலையில் உள்ள குழந்தைக்கும் அதே அறிக்கைதான் பயன்படும்.

காவல்துறைச் சரிபார்ப்பு இதிலிருந்து வேறானது. காவலர் வீட்டுக்கு வந்தால் பாஸ்போர்ட் விசாரணைக்கு வருவது போலத்தான்: முகவரியில் இருக்கிறீர்களா என்று பார்ப்பார், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பார். தத்து விஷயம் தெருவுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தால், விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே காவல் நிலையத்தில் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் நிலையத்துக்கே வரச் சொல்லிவிடுவார்கள்.

போலீஸ் சர்டிஃபிகேட் எங்க வாங்கணும்? பாஸ்போர்ட் ஆபீஸ்ல பி.சி.சி. எடுத்தா போதுமா?

அதிகம் பேர் வழி தவறுவது இங்கேதான். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) வெளிநாட்டு வேலை, குடியேற்றம், நீண்ட கால விசா போன்றவற்றுக்கானது. உள்ளூர்த் தேவைக்கு, தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் 'காவல் சரிபார்ப்பு' என்ற பிரிவு இருக்கிறது. வேலைக்கு, வாடகைக்கு, வீட்டு வேலையாளுக்கு என்று வகைகள் இருக்கும். அவற்றில் 'சுய சரிபார்ப்பு' உங்களுக்கானது. கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தச் சான்றிதழ் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றை வைத்து சி.சி.டி.என்.எஸ். என்ற நாடு தழுவிய குற்றப் பதிவு வலையிலும், அந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் தேடிப் பார்த்து, அன்றைய தேதி வரை கிடைத்ததைச் சொல்கிறது. பாலியல் குற்றவாளிகளுக்கென 2018 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் தரவுத்தளம் ஒன்றும் உண்டு. அதைக் காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பட்டியல் இந்தியாவில் இல்லை.

தண்டனை இல்லை என்பதை எந்தக் காகிதத்தால் உறுதிசெய்வது என்பதில் மாவட்டத்துக்கு மாவட்டம் வழக்கம் மாறுகிறது. சில இடங்களில் உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள், சில இடங்களில் காவல் சான்றிதழும் சேர்த்து. உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் இரண்டு தடவை அலைய வேண்டாம்.

என் பேர் ஒவ்வொரு கார்டுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. இனிஷியல்தானே, விட்டுடலாமா?

விடாதீர்கள். தமிழ்நாட்டில் சரிபார்ப்பு தாமதமாவதற்குப் பெரிய காரணமே இனிஷியல்தான். ஆதாரில் 'க. செல்வி' என்று இருக்கும். பான் அட்டையில் 'செல்வி கருப்பையா'. பாஸ்போர்ட்டில் 'கருப்பையா' குடும்பப் பெயர்க் கட்டத்தில். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய வாக்காளர் அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து, 'மு. செல்வி'. தேடும் கணினிக்கு இவர்கள் மூன்று நான்கு பேர். இதில் இரண்டு விதமான தொல்லை வரும்: உங்கள் பெயரில் எதுவும் இல்லாதபோதே வேறொரு செல்வியின் வழக்கு ஒட்டிக்கொள்ளலாம், அல்லது அடையாளம் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பலாம்.

பதிவு செய்வதற்கு முன்பே ஆதார், பான், வாக்காளர் அட்டை மூன்றையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டல், இனிஷியல், தந்தை பெயர், கதவு எண் என்று வரிசையாக ஒப்பிடுங்கள். ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உடனே திருத்த முடியாத பழைய சான்றிதழுக்கு, 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் உதவும். பெயரை முழுதாக மாற்றியவர்கள் அரசிதழ் அறிவிப்பின் நகலை வைத்திருக்க வேண்டும்.

ஸ்கூல்ல சேர்க்கறதுக்காக ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டாங்க. எந்தப் பிறந்த தேதியைக் கொடுக்கணும்?

ஒரு வயது வித்தியாசம் இங்கே பெரிய வித்தியாசம். தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்த்துத்தான் எந்த வயதுக் குழந்தை என்பது முடிவாகிறது. 2 வயது வரையிலான குழந்தைக்கு இருவர் வயதும் சேர்ந்து 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வரை 90. 4 முதல் 8 வரை 100. 8 முதல் 18 வரை 110. தனி நபருக்கு முறையே 40, 45, 50, 55. குழந்தைக்கும் பெற்றோரில் எவருக்கும் இடையே 25 வயதாவது வித்தியாசம் இருக்க வேண்டும். பதிவு செய்யும் தேதியில் உள்ள வயதே கணக்கு.

கணவருக்கு 44, மனைவிக்கு 41 என்றால் கூட்டினால் சரியாக 85. பள்ளியில் கூட்டிப் போட்ட அந்த ஒரு வயது சேர்ந்தால் 86; கைக்குழந்தைப் பிரிவு கைவிட்டுப் போய்விடும். அதற்காகச் சாதகமான தேதி உள்ள காகிதத்தை மட்டும் ஏற்றாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு தேதியும், ஏற்றிய காகிதம் மட்டும் வேறு தேதியும் சொன்னால், அசல்களைச் சரிபார்க்கும் நாளில் அது மாட்டும். பெரும்பாலான ஆவணங்கள் எந்தத் தேதியைச் சொல்கின்றனவோ அதையே கொடுத்து, முரண்படும் காகிதத்தைப் பற்றிச் சமூகப் பணியாளரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணலை. கோயில் ரசீதும் ஆல்பமும் இருக்கு, போதாதா?

போதாது. 2009 நவம்பர் 24 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம். அதற்கு முந்திய இந்துத் திருமணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போது பதிய முடியும். அழைப்பிதழ், கோயில் ரசீது, சாட்சிகள் எல்லாம் அங்கே பயன்படும். முதல் வேலையாக இதை முடித்துவிட்டுத் தத்துப் பதிவுக்கு வாருங்கள்.

சொந்த ஊர் ஒரு இடம், இருக்கறது சென்னையில வாடகை வீடு. எந்த அட்ரஸ் கொடுக்கணும்?

இரண்டையும். தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி இரண்டுக்கும் உரிய காவல் நிலையங்களில் சரிபார்ப்பு நடக்கும். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தால், 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்ற குறிப்போடு கோப்பு திரும்பும். ஊரில் இருக்கும் சித்தப்பாவிடமோ பக்கத்து வீட்டாரிடமோ விவரம் சொல்லி, அவர் கைபேசி எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

வாடகை வீடு தகுதிக் குறைவு இல்லை. சொந்த வீடு வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்றும் இல்லை. கடந்த ஆண்டு வருமானத்துக்குச் சான்று வேண்டும்: சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அல்லது வருவாய்த்துறை தரும் வருமானச் சான்றிதழ். கடனைப் பற்றியும் கேட்பார்கள். நகைக்கடன், வீட்டுக்கடன் இருப்பது தவறில்லை. மாதம் 40,000 வருமானத்தில் 32,000 தவணைக்கே போனால், மீதியில் குழந்தையை எப்படிப் பார்ப்பீர்கள் என்ற கேள்வி வரும். பதிலை யோசித்து வைத்திருங்கள்.

வீட்டுல வந்து என்ன பார்ப்பாங்க? பெயிண்ட் அடிக்கணுமா?

பெயிண்ட் வேண்டாம். தரைத்தொட்டி மூடி பூட்டியிருக்கிறதா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் குழந்தையின் உயரத்துக்குப் போதுமா, மாடிப்படியில் கம்பி இடைவெளி எவ்வளவு, கிணறு இருந்தால் மேலே வலை உண்டா என்று பாருங்கள். மாத்திரை டப்பா, பினாயில், எலி மருந்து எல்லாம் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். குளியலறை வாளியில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. இதையெல்லாம் நீங்களே கவனித்துச் சரி செய்திருந்தால், குழந்தையை மனதில் வைத்து வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்பது பணியாளருக்குப் புரியும்.

அதைவிட அதிக நேரம் பேச்சுக்குத்தான் போகும். உங்களைச் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்பது வழக்கம். குழந்தையில்லாத துயரத்திலிருந்து மீண்டிருக்கிறீர்களா, அடம் பிடிக்கும் குழந்தையை அடிப்பீர்களா, நிறம், சாதி, பிறப்பு பற்றிச் சொந்தக்காரர்கள் பேசினால் என்ன செய்வீர்கள் என்று வரும். மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். 'இன்னும் முடிவு செய்யவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறோம்' என்பது நல்ல பதில்தான், அது உண்மையாக இருந்தால்.

மாமியாருக்கு இதுல இஷ்டமில்லை. அவங்ககிட்டயும் பேசுவாங்களா?

கூடவே இருப்பவர் என்றால் பேசுவார்கள். குழந்தை பகலெல்லாம் யாரோடு இருக்கப் போகிறது என்பது முக்கியம் அல்லவா? அன்றைக்கு மட்டும் அவரை மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது மோசமான யோசனை. ரேஷன் அட்டையிலும், பக்கத்து வீட்டுப் பேச்சிலும், நீங்கள் கொடுத்த குடும்பப் படத்திலும் அவர் இருப்பார்.

'அத்தைக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று நீங்களே சொன்னால், பணியாளர் அவரோடு உட்கார்ந்து பேசுவார். அவர் வேலையில் ஆலோசனை தருவதும் சேர்ந்ததுதான். வீட்டில் ஏற்கெனவே 5 வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் அதன் சம்மதத்தையும் கேட்பார்கள். உங்களை அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதமும் தேவை, எம்.எல்.ஏ. லெட்டர்பேடைவிட, உங்களைப் பத்து வருடமாகப் பார்த்துவரும் பக்கத்து வீட்டு ஆசிரியையின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

எனக்கு சுகர், அவருக்கு பி.பி. மூணு வருஷம் முன்னாடி டிப்ரஷனுக்கு மாத்திரையும் சாப்பிட்டேன். ரிஜெக்ட் ஆகுமா?

கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயிருக்கு ஆபத்தான நோயாகக் கருதப்படுவதில்லை. மருத்துவச் சான்றிதழில் நாட்பட்ட, தொற்றும், உயிரைப் பறிக்கும் நோய் இல்லை என்றும், தத்தெடுக்கத் தகுதி உண்டு என்றும் மருத்துவர் எழுத வேண்டும். ஏதாவது நோய் இருந்தால் அதை மறைத்து எழுதச் சொல்லாதீர்கள். என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு காலமாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, குழந்தை வளர்க்க இடையூறாகுமா என்று நான்கு வரி விளக்கம் கேளுங்கள்.

மனநலச் சிகிச்சைக்கும் அதேதான். சிகிச்சை எடுத்தது பலவீனம் இல்லை. சிகிச்சை தந்த மனநல மருத்துவரின் கடிதம் இருந்தால் அந்தப் பத்தி அறிக்கையில் அமைதியாகக் கடந்துபோகும்.

என் பேர்ல ஒரு எஃப்.ஐ.ஆர். இருக்கு. அதோட எல்லாம் முடிஞ்சதா?

என்ன வழக்கு என்பதைப் பொறுத்தது. விதியின் சொற்களைக் கவனியுங்கள்: பொதுவான குற்றங்களில் *தண்டனை* பெற்றிருந்தால் தடை; குழந்தை உரிமை மீறலில் *குற்றம் சாட்டப்பட்டிருந்தாலே* தடை. வரப்புத் தகராறில் பதிவாகி நிலுவையில் இருக்கும் வழக்கு தானாகவே உங்களைத் தகுதியிழக்கச் செய்யாது. ஆனால் வீட்டாய்வில் அது பேசப்படும், வன்முறை இருந்தால் ஆழமாகவே பேசப்படும். சொத்துப் பாகப்பிரிவினை போன்ற சிவில் வழக்குகள் இந்தக் கணக்கிலேயே வராது.

குழந்தை உரிமை மீறல் என்றதும் எல்லாரும் போக்சோவை மட்டும் நினைக்கிறார்கள். 14 வயது நிரம்பாத பையனைக் கடையில் வேலைக்கு வைத்த வழக்கும், வீட்டில் நடத்திய குழந்தைத் திருமண வழக்கும் குழந்தை உரிமை மீறல்தான்.

குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினேன், கோர்ட்ல ஃபைன் கட்டி முடிச்சாச்சு. அதெல்லாம் கேஸா?

தெருவோரத்தில் ஹெல்மெட் இல்லாததற்கு இணங்கிக் கட்டிய அபராதமும், நீதிமன்றத்தில் நின்று கட்டிய அபராதமும் ஒன்றல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் முன் 'ஆமாம்' என்று சொல்லி அபராதம் கட்டினால், சட்டப்படி அது குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனை. பெட்டி கேஸ் என்று சொல்லும் '75 கேஸ்', அதாவது சென்னை நகரக் காவல் சட்டம் 75-ஆம் பிரிவும் அப்படித்தான். '200 ரூபாய் கட்டினேன், ஆள் வெளியே வந்தாச்சு' என்று மறந்துபோன விஷயம், 'எந்தக் குற்றத்திலும் தண்டனை பெற்றதில்லை' என்று கையெழுத்துப் போடும்போது பொய்யாக மாறிவிடும்.

தீர்ப்பின் சான்றளித்த நகலை அந்த நீதிமன்றத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். தேதி, பிரிவு, தொகை எல்லாம் அதில் இருக்கும். நன்னடத்தைச் சட்டம் 1958-இன் 3 அல்லது 4-ஆம் பிரிவில் எச்சரித்தோ நன்னடத்தையிலோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு, அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. இது பொருந்துமா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு பதிவு செய்யுங்கள்.

பழைய கேஸ்ல ராஜி ஆயிட்டோம். முதல் மனைவி போட்ட வரதட்சணை கேஸ் விடுதலை ஆயிடுச்சு. சொல்லணுமா?

சொல்லுங்கள், காகிதத்தோடு. சட்டப்படி சமரசம் செய்யத்தக்க குற்றத்தில் நீதிமன்றம் ஏற்ற சமரசம், விடுதலைக்குச் சமம். உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்குக்கு அந்த உத்தரவு நகல். விடுதலைக்குத் தீர்ப்பு நகல். காவல் நிலையக் கணினியில் வழக்கின் முடிவு பல நேரம் ஏறியிருக்காது. 'விசாரணையில் உள்ளது' என்றே காட்டும். அதனால்தான் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். வரதட்சணை வழக்கில் விடுதலை ஆனாலும், முதல் மணம் ஏன் முறிந்தது என்று கேட்பார்கள். விவாகரத்துத் தீர்ப்பு எப்படியும் கட்டாய ஆவணம்.

17 வயசுல ஒரு அடிதடி கேஸ், சிறுவர் நீதி வாரியத்துல முடிஞ்சது. அது இப்ப வருமா?

வரக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட சிறார்க்கு அந்தக் குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் கூடாது என்கிறது. பதிவுகளை உரிய காலம் கழித்து அழிக்கவும் சொல்கிறது. 16 வயதைத் தாண்டியவர் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்கப்பட்டிருந்தால் மட்டும் இது பொருந்தாது.

கேஸ் என் மேல இல்லை, கூட இருக்கற தம்பி மேல. பாதிக்குமா?

தகுதி விதி விண்ணப்பதாரரைத்தான் பேசுகிறது. ஆனால் குழந்தை வாழப்போவது அவரும் இருக்கும் வீட்டில். தம்பி மேல் போக்சோ வழக்கு இருந்தால் எந்தச் சமூகப் பணியாளரும் அந்த வீட்டைப் பரிந்துரைக்க மாட்டார், பரிந்துரைக்கவும் கூடாது. குடிப்பழக்கம், அடிக்கடி சண்டை என்றால் அவர் தனியாகப் போவாரா என்று கேட்பார்கள். மேல் போர்ஷனில் தங்கியிருக்கும் உறவினர், கூடவே தங்கும் வேலையாள் எல்லாரையும் நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.

நான் தனி ஆள். என்னை இன்னும் கூடுதலா விசாரிப்பாங்களா?

சரிபார்ப்பு அதே அளவுதான். தனிப் பெண் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. கூடுதலாகக் கேட்கப்படுவது ஒன்று: உங்களுக்கு ஏதாவது ஆனால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? அந்த உறவினரின் எழுத்து உறுதியைத் தயாராக வையுங்கள். அவரையும் ஆய்வு நாளில் வீட்டுக்கு அழைத்தால் நல்லது.

ஃபாஸ்டர் கேர்னா தற்காலிகம்தானே, அதுக்கும் இவ்வளவு இருக்கா?

அதற்கு இன்னும் கூடுதல். தத்து ஒரு முறை முடியும். வளர்ப்புப் பராமரிப்பில் கண்காணிப்பு தொடரும். முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. வீட்டாய்வு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொறுப்பு. வளர்ப்புக் குடும்பங்களை மாதந்தோறும் குழு பார்வையிட வேண்டும், குறை கண்டால் குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொல்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. பணத்துக்காக வருபவர்களை வடிகட்ட வேண்டியிருப்பதும் கண்காணிப்புக்கு ஒரு காரணம்.

2024 நெறிமுறைகளின்படி திருமணமாகாதவர், கணவன் அல்லது மனைவியை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் ஆகியோரும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். பொதுவாக 6 வயதைத் தாண்டிய, பெற்றோர் வந்து பார்க்காத பிள்ளைகளே இதில் வருவார்கள். ஒரே குடும்பத்தில் 2 ஆண்டு இருந்த பிறகு அந்தக் குடும்பமே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இது 5 ஆண்டாக இருந்தது.

நாங்க அமெரிக்காவுல இருக்கோம். இந்தியக் குழந்தைக்கு எங்க செக் நடக்கும்?

நீங்கள் வாழும் நாட்டில். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. அதனால் அங்கே அங்கீகாரம் பெற்ற முகமை வழியாகத்தான் காராவுக்கு வர முடியும். அமெரிக்காவில், தத்தெடுக்கத் தகுதி பார்க்கக் குடிவரவுத் துறைக்குக் கொடுக்கும் ஐ-800ஏ விண்ணப்பத்தோடு கைரேகை எடுத்து எஃப்.பி.ஐ. பதிவுகளில் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கும் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் இது உண்டு. மகன் வீட்டுக்கு நிரந்தரமாக வந்துவிட்ட அப்பா அம்மாவுக்கும்தான். 18 வயதிலிருந்து வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்திலும் குழந்தைக் கொடுமைப் பதிவேட்டில் தேடுவார்கள். இந்தியாவில் அப்படிப்பட்ட பதிவேடு இல்லாததால், இங்கே வாழ்ந்த காலத்துக்கு இந்தியத் தூதரகம் வழியாக பி.சி.சி. கேட்பது வழக்கம், மேலே சொன்ன பாஸ்போர்ட் பி.சி.சி. பயன்படும் இடம் இதுதான். கைது, வழக்கு எதையும் மறைக்கக் கூடாது; நீதிமன்றம் பதிவிலிருந்து நீக்கிய பழைய வழக்கையும் அங்கே சொல்லியே ஆக வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பதிவுச் சரிபார்ப்பின் விரிவான வகை நடக்கும், அங்கும் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும்.

அறிக்கை முடிஞ்ச பிறகு வேலை மாற்றலாச்சு. சொல்லணுமா?

கட்டாயம். வீடு மாறினாலும், வேலை போனாலும், கர்ப்பம் தரித்தாலும், புதிதாக ஒருவர் வீட்டில் சேர்ந்தாலும் உடனே தெரிவித்து அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். காத்திருப்பு நீள்வதால் 3 ஆண்டு செல்லுபடிக் காலம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். குழந்தையை ஒதுக்கும் நேரத்தில் பழைய ஊர் அறிக்கையோடு நின்றால் நாள்கள் வீணாகும்.

குழந்தை வந்த பிறகும் 2 ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒரு முறை தொடர் பார்வை உண்டு. அதைக் குற்றம் தேடும் வருகையாகப் பார்க்காதீர்கள். தூங்காத குழந்தை, சாப்பிடாத குழந்தை பற்றிக் கேட்க அதுதான் நல்ல நேரம்.

'தகுதி இல்லை'ன்னு எழுதிட்டாங்க. இனி ஒண்ணுமே பண்ண முடியாதா?

காரணத்தைப் பதிவு செய்யாமல் நிராகரிக்க முடியாது. இணையதளத்தில் உங்கள் கணக்கில் அதைப் பாருங்கள். காராவிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. 'நாங்கள் நல்லவர்கள்' என்று எழுதுவதால் பயனில்லை. எழுதப்பட்ட காரணம் ஒவ்வொன்றுக்கும் அதற்கான காகிதத்தை இணையுங்கள். காரணம் உண்மையானதாக இருந்தால், உதாரணமாகக் கணவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், மேல்முறையீட்டைவிட ஆறு மாதம் பொறுத்து ஆலோசகரிடம் போவது மேல்.

பணியாளர் 'செலவுக்கு' பணம் கேட்டா கொடுக்கலாமா?

வீட்டாய்வுக்கு ஒழுங்குமுறை நிர்ணயித்த கட்டணம் 6,000 ரூபாய், ரசீதோடு. அதற்கு மேல் ஒரு ரூபாயும் பணியாளர் கையில் கொடுக்காதீர்கள். வந்தவருக்குக் காபி கொடுங்கள், போதும்.

ஆஸ்பத்திரியில ஒருத்தர், எந்த வெரிஃபிகேஷனும் வேண்டாம், பர்த் சர்டிஃபிகேட்டே உங்க பேர்ல வாங்கித் தர்றேங்கறார். என்ன பண்றது?

அவர் சொல்வது குழந்தை விற்பனை. இளைஞர் நீதிச் சட்டம் 81-ஆம் பிரிவில் குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. மருத்துவமனை ஆட்கள் செய்தால் 3 முதல் 7 ஆண்டு. முறைப்படி இல்லாமல் தத்தெடுத்தாலே 80-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பிடிபடும் நாளில் குழந்தையை உங்களிடமிருந்து எடுத்துச் செல்வார்கள். அதற்குள் அது உங்களை 'அம்மா' என்று கூப்பிடப் பழகியிருக்கும்.

அவரிடம் பேரம் பேசாமல், எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.